அறுபதுகளின் மார்வெல் காமிக்ஸை இப்போதுதான் படிக்கிறேன்: இத்தனை விதமான முகங்களை எதிர்பார்க்கவில்லை

புதுவாசகன்:

படங்களைப் பார்த்துவிட்டுக் காமிக்ஸ் பக்கம் வந்தவன் நான். 1961இல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழில் தொடங்கி வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இடையிடையே ஸ்பைடர்மேன், அவெஞ்சர்ஸ், கொஞ்சம் எக்ஸ்-மென். வசனம் அதிகம், எல்லோரும் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சண்டை போடுகிறார்கள். அதற்குப் பழகிவிட்டேன்.

பழைய அமெரிக்க காமிக்ஸ் என்றால் வெள்ளைக்கார ஆண்கள் வெள்ளைக்கார ஆண்களை அடிப்பது என்ற எண்ணத்தோடுதான் உட்கார்ந்தேன். 1963இன் எக்ஸ்-மென் முதல் இதழ் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. ஐந்து மாணவர்கள், ஒரு பேராசிரியர், அத்தனை பேரும் வெள்ளையர், அதில் ஒரே ஒரு பெண். ஒதுக்கப்பட்டவர்களின் கதை என்று சொல்லிக்கொள்ளும் தொடரிலேயே இந்த நிலைமை.

ஆனால் ஃபென்டாஸ்டிக் ஃபோரில் 50ஆம் இதழைத் தாண்டியதும் வேறு மாதிரி ஆகிறது. கலாக்டஸ் உலகத்தையே தின்ன வந்த கதை அந்த இதழின் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதியில் நால்வரில் இளையவனான ஜானி ஸ்டார்ம் காலேஜில் சேரப் போகிறான். அங்கே அவனுக்குக் கிடைக்கும் நண்பன் வயட் விங்ஃபுட், அமெரிக்கப் பழங்குடி இளைஞன். சக்தி எதுவும் கிடையாது, அதிகம் பேசவும் மாட்டான். இரண்டு இதழ் கழித்து, 1966 ஜூலை இதழில், பிளாக் பாந்தர் வருகிறார். காட்டுக்குள் கம்ப்யூட்டர்களை நிரப்பி வைத்திருக்கும் ஆப்பிரிக்க அரசர். நால்வரையும் விருந்தாளிகளாக அழைத்து, ஒவ்வொருவராகத் தனியே பிரித்து மடக்குகிறார். அவர் கணக்கில் வராத ஒரே ஆள் வயட்! ஜானியை விடுவித்து ஆட்டத்தைத் திருப்புவது அவன்தான். வெள்ளைக்கார சூப்பர்ஹீரோக்கள் கட்டுண்டு கிடக்கும்போது, ஆப்பிரிக்க அரசரின் திட்டத்தைப் பழங்குடி இளைஞன் குலைக்கிறான். 1966இல்!

அடுத்து அமேஸிங் ஸ்பைடர்மேன் 51 (1967). டெய்லி பியூகிள் என்ற செய்தித்தாளில் ராபி ராபர்ட்சன் என்று ஒரு ஆசிரியர் வருகிறார், கறுப்பினத்தவர். முதலாளி ஜேம்சன் கத்திக்கொண்டிருக்க, இவர் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசுகிறார். அவர் நிறத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு மனிதர், அவ்வளவுதான். பாந்தரைவிட இவர்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தார்.

என் கேள்வி இதுதான். இதெல்லாம் திட்டம் போட்டு நடந்ததா, போகிற போக்கில் வந்ததா? இதே கண்ணோடு படிக்க வேறு எங்கே போகலாம்?

சந்தேகப்பிராணி:

வாருங்கள் நண்பரே. நல்ல தொடக்கம்தான். ஆனால் முகங்களை எண்ணி மயங்கிவிட வேண்டாம்.

1966 ஜூலையில் பாந்தர் வந்தார் என்றால் அமெரிக்காவில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். சிவில் உரிமைச் சட்டம் 1964இல், வாக்குரிமைச் சட்டம் 1965இல். தெரு முழுக்கப் போராட்டம். அந்த நேரத்தில் கறுப்பின ஹீரோவைக் கொண்டுவருகிறார்கள். அவர் அமெரிக்கக் கறுப்பரே இல்லை. கற்பனை நாட்டின் பணக்கார அரசர். மிசிசிப்பியில் ஓட்டுப் போட முடியாத கவலை அவருக்கு இல்லை. அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஃபால்கன் வர 1969 ஆகிவிட்டது, கேப்டன் அமெரிக்கா 117ஆம் இதழ். ஒரு கறுப்பின சூப்பர்ஹீரோவின் பெயரிலேயே மார்வெல் தொடர் வர இன்னும் மூன்று வருடம்: லூக் கேஜ், 1972.

இன்னொன்று. பாந்தரின் முதல் அட்டைக்கு ஓவியர் ஜாக் கிர்பி வரைந்த ஒரு வடிவத்தில் முகத்தின் கீழ்ப்பாதி திறந்திருந்தது, கறுப்புத் தோல் தெரிந்தது. அச்சில் வந்ததில் முகம் முழுக்க மூடியிருக்கிறது. அட்டையை மட்டும் பார்த்துக் காசு கொடுப்பவருக்கு உள்ளே இருப்பது யார் என்று தெரியாது. ஏன் மாற்றினார்கள் என்பதில் பல கருத்துகள் உண்டு. எனக்கு என்னவோ சந்தேகம்தான்.

நாலு கலர்:

அச்சுத் தொழிலில் இருந்தவன் என்பதால் நிறம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்தக் காலத்து காமிக்ஸ் மட்டமான நியூஸ்பிரிண்டில் அச்சானது. சிவப்பு, மஞ்சள், நீலத்தைச் சில குறிப்பிட்ட அளவுகளில் புள்ளிகளாகக் கலந்துதான் எல்லா நிறமும் வர வேண்டும். மொத்தம் 64 நிறம் என்பார்கள். வெள்ளையர் தோலுக்கு ஒரு வாய்ப்பாடு தயாராக இருந்தது, அந்த இளஞ்சிவப்பு எல்லாப் பக்கத்திலும் ஒன்றுபோல விழும். பழுப்புத் தோலுக்கு யாரும் மெனக்கெடவில்லை. அறுபதுகளின் இதழ்களில் கறுப்பின மனிதர்கள் பலர் சாம்பல் நிறத்தில் இருப்பார்கள், காய்ச்சலில் எழுந்து வந்தவர்கள் மாதிரி. ஆசியர்களுக்கு அப்பட்டமான மஞ்சள். மறுபதிப்பிலும் டிஜிட்டல் பதிப்பிலும் பல இடங்களில் நிறத்தைத் திருத்தியிருக்கிறார்கள். புதுவாசகன் பார்ப்பது திருத்தியதாக இருக்கலாம். பழைய இதழின் ஸ்கேன் கிடைத்தால் ராபி ராபர்ட்சனை ஒரு முறை பாருங்கள்.

இதில் கொடுமையான கதை கேப் ஜோன்ஸுடையது. 1963இல் சார்ஜன்ட் ஃப்யூரி முதல் இதழ். இரண்டாம் உலகப் போர்ப் படைப்பிரிவு ஒன்று. அதில் ஒரு யூதர், ஓர் இத்தாலிய அமெரிக்கர், கறுப்பினத்தவரான கேப் ஜோன்ஸ். நிஜத்தில் அந்தப் போரில் அமெரிக்க ராணுவம் கறுப்பர்களைத் தனிப் பிரிவுகளில் வைத்திருந்தது. காமிக்ஸில் ஒரே பதுங்குகுழி. ஆனால் நிறப் பிரிப்பு செய்தவர்கள் இது ஏதோ தவறு என்று நினைத்து அவரை வெள்ளையராக அச்சடித்துவிட்டார்கள். பிறகு கதை எழுதிய ஸ்டான் லீ விளக்கிக் குறிப்பு அனுப்ப வேண்டியிருந்தது. எழுதுபவர் நினைத்தால் போதாது சார், அச்சுக்கூடத்திலும் ஒருத்தர் நினைக்க வேண்டும்.

ஊதாப்பூ:

எல்லோரும் நிறத்திலேயே நிற்கிறீர்களே, ஃபென்டாஸ்டிக் ஃபோரின் ஒரே பெண்ணான சூ ஸ்டார்மைப் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று பார்த்தேன்.

முதல் இருபது இதழில் சூ செய்யும் வேலை மறைவது, பிடிபடுவது, கடலரசன் நேமோரைப் பார்த்து மனம் தடுமாறுவது. 1963இல் 11ஆம் இதழில் ஒரு காட்சி இருக்கிறது, படித்தால் பல்லைக் கடிப்பீர்கள். சூவால் குழுவுக்கு எந்தப் பயனும் இல்லை என்று வாசகர்கள் கடிதம் எழுதுகிறார்களாம், அவள் அழுகிறாள். அதற்குக் குழுத் தலைவன் ரீட் ஆறுதல் சொல்கிறான்: ஆபிரகாம் லிங்கனின் அம்மாவை நினைத்துப் பாருங்கள், அவர் இல்லாமல் லிங்கன் உண்டா? அதாவது நீ சண்டை போட வேண்டாம், எங்களுக்குப் பின்னால் இருந்து தெம்பு கொடு. ஒரு பாத்திரம் உருப்படியாக எழுதப்படவில்லை என்று வாசகர்கள் சொன்னால், எழுதுகிறவர் அந்தப் பாத்திரத்தை அழவைத்துப் பதில் சொல்கிறார்!

அப்புறம் சக்திக் கவசம் கொடுத்தார்கள், 22ஆம் இதழில். அதிலிருந்து அவள்தான் அந்த நால்வரில் பலசாலி என்பது என் கட்சி. ஆனாலும் இன்விசிபிள் கேர்ள் என்ற பெயர் இன்விசிபிள் வுமன் ஆக 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்றுவிட்டாள்.

கெட்ட பய:

காமிக்ஸ்னா ஜாலிக்குப் படிக்கிறது. எல்லாத்துலயும் சாதி மதம் நிறம்னு தேடினா எப்படி? அப்ப யாரும் இதையெல்லாம் நினைக்கவே இல்ல.

ஊதாப்பூ:

அப்போதே நினைத்துத்தான் தம்பி எழுதினார்கள். 1968 இறுதியில் வந்த மார்வெல் இதழ்களில் ஸ்டான் லீ வாசகர்களுக்கு எழுதிய சோப்பாக்ஸ் பகுதியைப் படியுங்கள். இனவெறியைக் கொடிய சமூக நோய் என்று நேரடியாகவே எழுதியிருக்கிறார், ஹீரோக்கள் எதிரியை அடிப்பது மாதிரி இதை ஒரு குத்தில் வீழ்த்த முடியாது என்றும் சொல்கிறார். அவரும் கிர்பியும் நியூயார்க்கின் ஏழை யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். லீபர், குர்ட்ஸ்பெர்க் என்ற பெயர்களை மாற்றிக்கொண்டு பிழைத்தவர்கள். கேப்டன் அமெரிக்கா முதல் இதழின் அட்டையில் ஹிட்லர் தாடையில் குத்து விழுந்தது 1941இல், அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்னால். ஜாலிக்குப் படியுங்கள், யார் வேண்டாம் என்றது?

மஞ்சள் பக்கம்:

சண்டை வேண்டாம். முகங்களை எண்ணுவதைவிட ருசியான ஒரு விளையாட்டு சொல்கிறேன். இந்தக் கதைகளில் இனவெறிக் கும்பல் வரும்போதெல்லாம் கடைசிப் பக்கத்தில் தலைவனின் முகமூடியைக் கழற்றுவார்கள். உள்ளே யார் என்று மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள்.

முதலில் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 21, 1963 டிசம்பர். ஹேட்-மங்கர் என்று ஒருவன், கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் பாணியில் தலைமூடி போட்டுக்கொண்டு வெளிநாட்டவரைத் துரத்து என்று தெருவில் முழங்குகிறான். மக்கள் கைதட்டுகிறார்கள். அட, துணிச்சலாக இருக்கிறதே என்று பார்த்தால், அவனிடம் வெறுப்பை ஊட்டும் கதிர் ஒன்று இருக்கிறது. ஃபென்டாஸ்டிக் ஃபோரே அதில் மாட்டிச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். கடைசியில் தலைமூடி விலகினால் உள்ளே ஹிட்லர்! ஆக, அமெரிக்கத் தெருவில் வெறுப்பு இருந்ததற்குக் காரணம் ஒரு மெஷினும் ஒரு ஜெர்மானியரும்.

அடுத்தது அவெஞ்சர்ஸ் 32, 33, 1966. பாந்தர் வந்த அதே வருடம். சர்ப்பத்தின் பிள்ளைகள் என்ற கும்பல் இரவில் ஆட்களை அடிக்கிறது. பில் ஃபாஸ்டர் என்ற கறுப்பின விஞ்ஞானி இந்தக் கதையில்தான் அறிமுகம், அவரையும் தாக்குகிறார்கள். அமெரிக்கா அமெரிக்கர்களுக்கே என்று கூச்சல். முகமூடியைக் கழற்றினால் ஜெனரல் சென் என்ற ஆசிய நாட்டுக் கம்யூனிஸ்ட். அமெரிக்கர்களைப் பிரிக்க அந்நிய சதி. வெளிநாட்டவரை வெறுக்கும் கும்பலைக் கண்டிக்கிற கதை, கடைசியில் பழியை ஒரு வெளிநாட்டவர் தலையிலேயே கட்டுகிறது. ஸ்டான் லீக்கு இது உறைத்ததா தெரியாது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

1970இல் அதே கும்பல் மறுபடியும், அவெஞ்சர்ஸ் 73, 74. இப்போது எழுதுவது ராய் தாமஸ். டிவியில் விவாதம் நடத்தும் இரண்டு பேர், ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர், எப்போதும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுகிறார்கள். கடைசியில் பார்த்தால் இரண்டு பேரும் சேர்ந்தேதான் கும்பலை நடத்துகிறார்கள், அதிகாரத்துக்காக. இன்றைக்கு டிவி பார்க்கிறவர்களுக்கு இது தீர்க்கதரிசனமாகத் தெரியலாம். ஆனால் இரண்டு தரப்பிலும் சமமாகத் தப்பு என்று நழுவுகிற வேலையும் அதில் இருக்கிறது.

ஏழு வருடம், மூன்று முகமூடி. உள்ளே ஹிட்லர், சீனச் சாயலில் ஒரு ஜெனரல், டிவி வியாபாரிகள். பக்கத்து வீட்டில் குடியிருக்கும், யாரும் தூண்டிவிடாமலேயே வெறுக்கிற சாதாரண அமெரிக்கர் ஒருவர்கூட இல்லை. நல்ல மனிதர்களைச் சேர்ப்பது இவர்களுக்குச் சுலபமாக வந்திருக்கிறது. கெட்டவன் யார் என்று சொல்வதில்தான் கை நடுங்கியிருக்கிறது.

புதுவாசகன்:

அந்த 21ஆம் இதழைப் படித்துவிட்டு வேகமாகக் கடந்து போயிருந்தேன். இப்போது திரும்ப எடுத்துப் பார்த்தால் அந்தக் கதிர் என்ற சமாசாரம்தான் கண்ணை உறுத்துகிறது.

மார்வெலின் போட்டி நிறுவனமான டிசி பக்கம் இந்த விளையாட்டு எப்படி? கிரீன் லேன்டர்ன் 76 (1970) பற்றி எல்லோரும் சொல்கிறார்களே என்று இதற்கிடையில் அதை மட்டும் எடுத்துப் படித்தேன். டென்னிஸ் ஓ'நீல் எழுத்து, நீல் ஆடம்ஸ் ஓவியம். ஒரு கறுப்பின முதியவர் கிரீன் லேன்டர்னிடம் வந்து, நீலத் தோல்காரர்களுக்கும் ஆரஞ்சுத் தோல்காரர்களுக்கும் உழைத்தீர்களே, கறுப்புத் தோல்காரர்களுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார். இவர் தலை குனிகிறார். அந்தக் கதையின் வில்லன் சேரி வீடுகளின் சொந்தக்காரன், முகமூடியே கிடையாது. அப்படியானால் டிசி ஒரு படி முன்னால் போய்விட்டதா?

சந்தேகப்பிராணி:

அந்த ஒரு தொடரில் போனது, சரி. ஆனால் அதே கிரீன் லேன்டர்னில் 1960இலிருந்து தாமஸ் கல்மாகு என்று ஒரு மெக்கானிக் இருக்கிறார், இனுயிட் இனத்தவர். கெட்டிக்காரர், ஹீரோவின் ரகசியம் தெரிந்த ஒரே நண்பர். எல்லோரும் அவரைக் கூப்பிடுவது பைஃபேஸ் என்று, இனத்தை வைத்து ஒட்டிய கேலிப் பெயர். இதழ் இதழாக அதே பெயர். பாத்திரம் நன்றாக இருக்கும், கூப்பிடுகிற விதம் கேவலமாக இருக்கும். பழைய காமிக்ஸில் இந்த இரண்டும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருப்பதற்குப் பழகிக்கொள்ளுங்கள்.

லோயிஸ் லேன் 106 (1970) என்று ஒன்று உண்டு. செய்தி சேகரிப்பதற்காக லோயிஸ் ஒரு மெஷினில் ஏறி ஒரு நாள் முழுக்கக் கறுப்பினப் பெண்ணாகிறாள். நோக்கம் நல்லதுதான் என்று விட்டுவிடலாம் என்றால் என்னால் முடியவில்லை. அவள் வேலை பார்க்கும் பத்திரிகைக்கு ஒரு கறுப்பின நிருபரை வேலைக்கு எடுக்கத் தோன்றவில்லை, மெஷின்தான் தோன்றியது.

கறுப்பின ஹீரோ பெயரிலேயே டிசி தொடர் தொடங்கியது 1977இல், பிளாக் லைட்னிங்.

மஞ்சள் பக்கம்:

முகமூடி விஷயத்தில் காகிதத்தைவிட ரேடியோ முந்திக்கொண்டது. 1946இல் சூப்பர்மேன் ரேடியோ தொடரில் கிளானைக் கிட்டத்தட்டப் பெயர் சொல்லியே காட்டினார்கள். சூப்பர்மேனின் ஊரான மெட்ரோபோலிஸுக்குக் குடிவந்த சீனக் குடும்பத்தை விரட்டப் பார்க்கும் கும்பல். ஆட்களெல்லாம் ஊர்க்காரர்கள்தான். மேல்தலைவன் மட்டும், இதெல்லாம் எனக்கு வியாபாரம் என்று உள்ளே ஒப்புக்கொள்கிறான். அதை வைத்து 2019இல் ஜீன் லுவென் யாங் எழுதி டிசியிலேயே புத்தகமாக வந்தது. குழந்தைகளுக்கும் கொடுக்கலாம்.

நாலு கலர்:

ஜெனரல் சென் பேச்சு வந்ததால் ஒன்று. மஞ்சள் வில்லன் அந்தக் கம்பெனியின் பழைய கையிருப்பு. அயர்ன் மேன் தொடங்குவதே 1963இல் வியட்நாமில், வாங்-சூ என்ற முரடனோடு. அடுத்த வருடமே மாண்டரின் என்ற சீன வில்லன். ஆனால் அந்த முதல் கதையில் அயர்ன் மேனாகும் ஸ்டார்க்கைக் காப்பாற்றிக் கவசம் செய்ய உதவி, உயிரையும் கொடுப்பது பேராசிரியர் யின்சென் என்ற ஆசியர். கதாநாயகன் பிழைக்க அவர் சாக வேண்டியிருக்கிறது. இப்படிச் சாகிறவர்கள் வரிசை நீளம்: 1975இல் எக்ஸ்-மென்னைப் புது ஆட்களோடு தொடங்கினார்களே, கென்யாவிலிருந்து ஸ்டார்ம், ரஷ்யாவிலிருந்து கொலோசஸ் என்று, அதில் தண்டர்பேர்ட் என்ற அப்பாச்சி இளைஞன் 95ஆம் இதழிலேயே காலி.

1973இல் ஷாங்-சி என்ற ஆசிய ஹீரோ வந்தார். அவருக்கும் அப்பாவாகப் பிடித்துக்கொடுத்தது பழைய நாவல்களின் சீன வில்லன் ஃபூ மாஞ்சுவை! பழைய கையிருப்பை விட மனம் வரவில்லை.

அட்டைப்படம்:

முத்து, லயன், இந்திரஜால் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். உங்கள் பேச்சைப் படித்ததும் மந்திரவாதி மாண்ட்ரேக்கின் நண்பர் லொதார்தான் நினைவுக்கு வந்தார். 1934இல் தொடங்கிய தொடர். ஆப்பிரிக்க இளவரசர், உலகிலேயே பலசாலி, ஆனால் தொடக்கத்தில் சிறுத்தைத் தோல் கட்டிக்கொண்டு வேலையாள் மாதிரி நிற்பார், உடைந்த ஆங்கிலம் பேசுவார். அறுபதுகளின் நடுவில் ஓவியர் மாறிய பிறகு உடை, பேச்சு எல்லாம் மாறியது. வேதாளர் கதையிலும் காட்டுவாசிகள் எல்லோரும் ஒரு வெள்ளைக்காரரின் காலடியில்தான். இந்திரஜாலில் பங்கல்லா என்ற அந்த நாட்டின் பெயரை டெங்காலி என்று மாற்றியிருந்தார்கள். சிறுவயதில் எனக்கு அது ஆப்பிரிக்காவா இந்தியாவா என்றே தெரியாது. வேதாளர் பக்கம்தான் நான் இருந்தேன். அந்தக் காட்டுவாசிகள் என்னைப் போல இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

சந்தேகப்பிராணி:

அண்ணா, அதைத் தனி இழையாகவே போடுங்கள், நிறையப் பேசலாம்.

புதுவாசகனுக்கு: முகமூடி விளையாட்டை முடிக்க ஜங்கிள் ஆக்ஷன் படித்தாக வேண்டும். அந்தத் தொடரே வெள்ளைக்காரக் காட்டு வீரர்களின் பழைய கதைகளை மறுபதிப்பு செய்ய ஆரம்பித்தது. 1973இல் டான் மெக்ரெகர் என்ற இளைஞரிடம் பாந்தர் கதையை எழுதக் கொடுத்தார்கள். அவர் பாந்தரின் நாடான வகாண்டாவிலேயே கதையை வைத்தார். பாந்தரின் எதிரி கில்மாங்கர் அறிமுகமானதும் இதில்தான். பக்கம் பக்கமாகக் கறுப்பர்கள் மட்டுமே, நல்லவரும் கெட்டவரும் வேடிக்கை பார்ப்பவரும். வெள்ளைக்காரர்கள் எங்கே என்று அலுவலகத்தில் நெருக்கியதாக மெக்ரெகர் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சில இதழ்களுக்குப் பிறகு ஓவியர் பில்லி கிரஹாம், அவரே கறுப்பினத்தவர். லூக் கேஜ் முதல் இதழிலும் அவர் கை உண்டு. அறுபதுகளில் நாம் பேசிய முகங்களை எல்லாம் எழுதி வரைந்தவர்கள் வெள்ளையர்கள் என்பதை இந்த இடத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

19ஆம் இதழிலிருந்து கதை அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குப் போகிறது. எதிரில் நிற்பது கிளான், அதே பெயரில். ஹிட்லர் இல்லை, கதிர் இல்லை, ஊர்க்காரர்கள். ஓரிடத்தில் பாந்தரை எரியும் சிலுவையில் கட்டிவிடுகிறார்கள். மெக்ரெகர் வசனம் கனமாக இருக்கும், நாலு வரியில் சொல்வதை நாற்பது வரியில் சொல்வார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுவாசகன்:

பொறுத்துக்கொள்கிறேன். முடிவில் முகமூடி கழன்றதா?

சந்தேகப்பிராணி:

கழற்ற விடவில்லை. விற்பனை போதவில்லை என்று 1976இல் 24ஆம் இதழோடு தொடரை நிறுத்திவிட்டார்கள், கதை பாதியில். 1977 ஜனவரியில் பாந்தருக்குப் புதுத் தொடர், கிர்பியே திரும்பி வந்து எழுதி வரைந்தார். அதில் கிளானைப் பற்றிப் பேச்சே இல்லை, சாலமன் அரசரின் பித்தளைத் தவளையைத் தேடிக்கொண்டு ஓடுகிறார்கள். பாதியில் நின்ற கதையை மார்வெல் பிரிமியரில் 51 முதல் 53 வரை வேறு ஆட்கள் முடித்து வைத்தார்கள்.

ஊதாப்பூ:

தவளைக் கதையும் ஜாலியாகத்தான் இருக்கும், கெட்ட பயலுக்குப் பிடிக்கும். 😄

கெட்ட பய:

லிங்க் இருந்தா போடுங்க அக்கா.

மஞ்சள் பக்கம்:

புதுவாசகன், வரிசை குழப்பும், அதனால் சொல்லிவிடுகிறேன். ஜங்கிள் ஆக்ஷன் 5ஆம் இதழ் பழைய அவெஞ்சர்ஸ் கதையின் மறுபதிப்பு, தாண்டிவிடலாம். 6இலிருந்து 18 வரை வகாண்டா கதை. 19 முதல் 22 வரை கிளான், பிறகு 24. நடுவில் 23ஐப் பார்த்துக் கதை எங்கே போயிற்று என்று தேடாதீர்கள், அது ஏதோ டேர்டெவில் மறுபதிப்பு.